எட்டு மணி வயிறு

டாக்டர் ஆதிநாராயணன் சாட்சிக் கூண்டில் ஏறிய கொலை வழக்கு எதிலும் எதிரி விடுதலையானது கிடையாது. இதை அவர் தன் வாயால் சொல்லமாட்டார். பக்கத்தில் நிற்கிறவர் சொல்லும்வரை காத்திருப்பார். அப்படிச் சொல்வதற்கென்றே பக்கத்தில் ஒருவர் எப்போதும் நின்றுகொண்டிருந்தார்.

பட்டணத்தில் போலீசாருக்காக நடந்த ஓர் ஆய்வுக்கூடத்தின் தலைமை விஞ்ஞானி அவர். மயிர், ரத்தம், விஷம், எலும்பு எல்லாம் பார்ப்பார். ஆனால் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வயிறு. செத்தவன் வயிற்றில் கிடக்கும் சோறு எவ்வளவு செரித்திருக்கிறது என்று பார்த்து, அவன் எத்தனை மணிக்குச் செத்தான் என்று சொல்லிவிடுவார். இதற்கு, அவன் எத்தனை மணிக்குச் சாப்பிட்டான் என்று முதலில் தெரிய வேண்டும். மற்ற ஊர்களில் அதை வீட்டாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்களாம். டாக்டருக்கு அது பிடிக்கவில்லை. வீட்டார் மனிதர்கள். மனிதர்கள் பொய் சொல்வார்கள். ஆகவே அவர் ஓர் அட்டவணை தயாரித்தார்.

நம் ராஜ்யத்தில் மனிதர்கள் இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குச் சாப்பிடுகிறார்கள் என்பது அட்டவணையின் முதல் வரி. இதை அவர் சும்மா எழுதிவிடவில்லை. அவர் வீட்டில் எட்டு மணிக்குத்தான் இலை போட்டார்கள். ஆய்வுக்கூடத்து ஆட்களை வரிசையாக நிறுத்தி, நீ எப்போது சாப்பிடுகிறாய் என்று கேட்டார். அய்யாவுக்கு முந்திச் சாப்பிடுவதாகச் சொல்ல ஒருவனுக்கும் துணிவில்லை. பிந்திச் சாப்பிடுவதாகச் சொன்னால், அதுவரை என்ன செய்கிறாய் என்று கேட்பாரே என்று பயம். எல்லாரும் எட்டு என்றார்கள். விஞ்ஞானம் உறுதிப்பட்டது.

அட்டவணை அச்சாகி, கண்ணாடி போட்டு, போலீஸ் ஸ்டேஷன்களில் மாட்டப்பட்டது. செரிக்காத சோறு என்றால் எட்டு மணி. பாதி செரித்த சோறு என்றால் பத்து மணி. வயிறு காலியென்றால் நள்ளிரவுக்கு மேல். பகலில் சாகிறவர்களைப் பற்றி அட்டவணை எதுவும் பேசவில்லை. அவர்களையும் சேர்த்தால் அட்டவணையின் அழகு கெட்டுவிடும் என்று டாக்டர் கருதினார்.

அந்தக் கண்ணாடிப் படம் செஞ்சி ஸ்டேஷனுக்கும் வந்து சேர்ந்தது.

செஞ்சி கடைத்தெருவில் மல்லாட்டை என்கிற நிலக்கடலைக்கு மண்டி வைத்திருந்தவர் மல்லிநாத நைனார். மேல்சித்தாமூர்ச் சமணக் குடும்பம்; சமணர்களை அந்தப் பக்கம் நைனார் என்பார்கள். சமணர்கள் பொழுது சாய்ந்த பிறகு சோற்றில் கை வைக்கமாட்டார்கள். விளக்கைத் தேடிவரும் பூச்சி சோற்றில் விழுந்து சாகும், அந்த உயிரைக் கொன்ற பாவம் வேண்டாம் என்பது அவர்கள் தர்மம். செஞ்சியில் இது ஆடு மாடுகளுக்கும் தெரியும். நைனார் கல்லாவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினால் மணி அஞ்சு என்று மூட்டை தூக்குகிறவர்கள் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொள்வார்கள்.

சாப்பிட்ட பிறகு அவர் கோட்டை அகழிக்கு அந்தப் பக்கம் இருந்த தன் கிடங்குக்குப் போய், பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்புவார். 1963ஆம் வருஷம் தை மாசக் கடைசியில் ஒருநாள் போனவர் திரும்பவில்லை. விளக்கு வைத்து நேரமாகியும் ஆளைக் காணோம் என்று அவர் மனைவி ராஜமதி அம்மாள் ஆள் விட்டாள். அரிக்கேன் விளக்கும் கையுமாகக் கடைத்தெருவே தேடியது. விடிந்த பிறகுதான் கிடைத்தார். அகழிக்குள், மண்டை உடைந்து, மதிலிலிருந்து சரிந்த கல் ஒன்றுக்குப் பக்கத்தில் கிடந்தார்.

அந்த மதிலில் ஆடு ஏறினாலே கல் விழும். ஆனால் கல்லைக் கைது செய்ய முடியாது. அதே வாரத்தில் மண்டியில் ஒரு பேச்சு நடந்திருந்தது. மூட்டையைக் கொக்கி போட்டு இழுத்து கோணியைக் கிழித்துவிட்டான் என்று தங்கராசு என்ற மூட்டைக்காரனை நைனார் திட்ட, அவனும் நாலு பேர் முன்னால் வாயைக் கொடுத்திருந்தான்.

“எங்க முதுகு கிழிஞ்சா கேக்க நாதியில்ல, கோணி கிழிஞ்சா மட்டும் குதிக்கிறாரு. இந்தக் கொக்கி ஒரு நாளு யாரு மேலயாச்சும் பாயத்தான் போவுது.”

அதனால் தங்கராசுவைக் கைது செய்தார்கள். கொக்கியும் நைனாருடைய வயிறும் பட்டணத்துக்குப் போயின. கொக்கியில் ரத்தம் இருந்தது. மூட்டை இழுத்து இழுத்துப் பிளந்த உள்ளங்கையின் ரத்தம். ‘இது ரத்தமே’ என்று டாக்டரின் அறிக்கை முதல் வரியில் சொன்னது. யாருடைய ரத்தம் என்பதைப் போலீசார் அறிவார்கள் என்று இரண்டாம் வரியில் சொன்னது. வயிற்றில் இருந்த சோறு பாதி செரித்திருந்தது. ஆகவே கொலை நடந்த நேரம் இரவு பத்து மணி.

தங்கராசுவின் மனைவி மீனம்பாள் அதே மண்டியின் களத்தில் மல்லாட்டை உடைக்கிறவள். பத்து மணி என்று கேட்டதும் அவளுக்கு உயிர் வந்தது. யாரோ கணக்கில் தப்புச் செய்திருக்கிறார்கள், சொன்னால் திருத்திக்கொள்வார்கள் என்று நினைத்தாள். நைனார் அஞ்சரைக்குச் சாப்பிடுகிறவர். சோறு பாதி செரித்திருந்தால் ஏழரைக்குச் செத்திருக்கிறார். ஏழரைக்குத் தன் புருஷன் எங்கே இருந்தான் என்பது அவளுக்குத் தெரியும். இன்ஸ்பெக்டருடைய இரும்பு பீரோவுக்கு அடியில் இருந்தான்.

இன்ஸ்பெக்டர் துரைக்கண்ணு அன்றைக்குத்தான் மாற்றலாகி வந்திருந்தார். சாமான் வந்த லாரியை இறக்க மண்டியிலிருந்து ஆட்களைப் பிடித்துப் போனார்கள். சர்க்கார் வேலை என்பதால் கூலி கிடையாது. விளக்கு வைத்த நேரத்திலிருந்து ஒன்பது மணிவரை தங்கராசு அங்கே சுமந்தான். பீரோவை அவன் முதுகில் ஏற்றி மாடிப்படி ஏறவைத்தபோது, சுவரில் இடிக்காதே என்று கூடவே ஏறி வந்தவர் இன்ஸ்பெக்டர்தான்.

ஆகவே மீனம்பாள் நேராக ஸ்டேஷனுக்கே போனாள். துரைக்கண்ணு பொறுமையாகக் கேட்டார். அவர் பொய் சொல்கிற மனிதர் அல்ல.

“ஏழரைக்கு அவன் என் வூட்லதான் இருந்தான். எங்க வேணா சொல்றேன். ஏழரைக்கு அவன் கொலை பண்ணான்னு எவனாச்சும் சொன்னா நானே வுடமாட்டேன். நான் கேஸ் போட்டிருக்கறது பத்து மணிக்கு.”

“நைனாரு ஏழரைக்கே செத்துட்டாருங்களே எஜமான்.”

“அத நீ சொல்ற. செவுத்துல இன்னா மாட்டியிருக்குது பாரு.”

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்க.”

“தெரியலன்னாலும் அதான் சட்டம். பத்து மணிக்கு உன் புருஷன் எங்க இருந்தான்?”

“வூட்ல படுத்துத் தூங்கினாருங்க.”

இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்தார். பத்து மணிக்கு எதிரி இன்ஸ்பெக்டர் வீட்டில் இல்லை என்று எதிரியின் மனைவியே ஒப்புக்கொண்டதாக ஏட்டு எழுதிக்கொண்டார்.

தப்பு இங்கே நடக்கவில்லை, பட்டணத்தில் நடந்திருக்கிறது என்று மீனம்பாள் புரிந்துகொண்டாள். மல்லாட்டை ஏற்றிப் போகும் லாரியில், மூட்டைகளின் மேல் உட்கார்ந்து பட்டணம் போனாள். ஆய்வுக்கூடத்து வாசலில் மூன்று நாள் கிடந்தாள். மூன்றாம் நாள் டாக்டர் காரில் ஏறும்போது காலில் விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே விஷயத்தைச் சொன்னாள். நைனாருங்க ராத்திரியில் சாப்பிடமாட்டார்கள், பொழுதோடு சாப்பிடுவார்கள், ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

டாக்டருக்குக் கோபம் வரவில்லை. ஏழைகளிடம் அவர் கோபப்படுவதில்லை. பக்கத்தில் நின்றவர் குறிப்பெடுத்துக்கொள்ளும்படி நிதானமாகப் பேசினார்.

“நீ சொல்வது மதம் அம்மா. நான் சொல்வது வயிறு. மதத்தில் பல உண்டு, வயிறு ஒன்றுதான். சரி, உன் பேச்சுக்கே வருகிறேன். எட்டு மணி தவறு என்று நான் இன்றைக்குச் சொன்னால் என்ன ஆகும்? அந்த எட்டு மணியை நம்பி இதுவரை எத்தனையோ பேரைத் தூக்கில் போட்டிருக்கிறோம். அவர்களையெல்லாம் என்ன செய்வது? இறக்கிவிடலாமா? உன் புருஷன் ஒருவனுக்காக அத்தனை பேருக்கும் நான் அநியாயம் செய்ய முடியாது.”

மீனம்பாள் ஊர் திரும்பும் வழியெல்லாம் இதை யோசித்தாள். அவர் சொன்னதில் ஏதோ நியாயம் இருப்பது போலவும் இருந்தது, அது என்ன என்றுதான் பிடிபடவில்லை.

வழக்கில் இன்னும் ஓர் ஓட்டை இருந்தது. எட்டு மணிக்கு நைனாரைக் கடைத்தெருவே விளக்கோடு தேடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அவர் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டிருக்க முடியும்? துரைக்கண்ணு இதற்கு விடை கண்டுபிடித்தார். தேடியபோது கிடைக்கவில்லை என்றால் ஒளிந்து சாப்பிட்டிருக்கிறார் என்று அர்த்தம். ஒளிந்து சாப்பிட்டால் ஓட்டலில்தான் சாப்பிட்டிருக்க வேண்டும்.

கடைத்தெருவில் வெங்கடரமணன் என்பவர் ஓட்டல் வைத்திருந்தார். அவர் கள்ளச் சந்தையில் சர்க்கரை வாங்கும் இடம் இன்ஸ்பெக்டருக்குத் தெரியும். ஆகவே நைனார் அன்று எட்டு மணிக்குத் தன் ஓட்டலில் சாம்பார் சாதம் சாப்பிட்டது வெங்கடரமணனுக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் வயிற்றில் வெங்காயம் இல்லை என்று டாக்டரின் அறிக்கை சொன்னது. வெங்காயம் போடாமல் சாம்பார் வைக்கிற ஓட்டல் செஞ்சியில் கிடையாது. நைனாருக்கென்று தனியாக வெங்காயம் போடாத சாம்பார் வைத்ததாக நினைவு திருத்தப்பட்டது. ஓட்டலில் இருந்த மற்றவர்கள் ஏன் பார்க்கவில்லை என்று கேள்வி வந்தபோது, அவரைக் கொல்லைப்பக்கம் மாட்டுக்கொட்டகையில் உட்காரவைத்துப் பரிமாறியதாகவும், விளக்கு வைத்தால் பூச்சி வரும் என்று அவர் இருட்டிலேயே சாப்பிட்டதாகவும் நினைவு மேலும் தெளிந்தது.

செத்தவர் களவாகச் சோறு தின்றவர் என்று கடைத்தெருவில் பேச்சாகிவிட்டது. அதுவரை வாயே திறக்காமல் மூலையில் உட்கார்ந்திருந்த ராஜமதி அம்மாள் அன்றைக்கு எழுந்து வெளியே வந்தாள். மீனம்பாள் வாசலில் நின்றிருந்தாள். அவளைப் பார்க்க ராஜமதிக்கு முதலில் பிடிக்கவில்லை. பிறகு சொன்னாள்.

“என் கையால பரிமாறினேன். தட்டக் கழுவிக் கவுத்தப்ப முத்தத்துல வெயிலு இருந்துது. ராத்திரிச் சோறு தின்னாராமே.”

“அந்த வெயில கோர்ட்டுல சொல்லுங்கம்மா. அது போதும் எனக்கு.”

“உனக்காகச் சொல்லல. அவரு பேரு கெடக்கூடாது.”

“யாருக்காகன்னாலும் சொல்லுங்கம்மா. நேரம் ஒண்ணுதான்.”

மேல்சித்தாமூரிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் சமணப் பெரியவர்கள் திரண்டு பட்டணம் போய் மேலிடத்தில் முறையிட்டார்கள். மீனம்பாள் மூன்று நாள் வாசலில் கிடந்த பட்டணத்தில் அவர்களுக்கு நாற்காலி போட்டார்கள். ஒரு சமூகத்தின் மனம் புண்படலாகாது என்று மேலிடம் டாக்டருக்குச் சொன்னது. டாக்டர் உடனே ஆராய்ச்சிக்குக் கிளம்பினார். ஜீப்பில் கண்ணாடிக் குழாய்களும் ரப்பர் குழாய்களும் இரண்டு உதவியாளர்களும் வந்து செஞ்சிப் பயணியர் விடுதியில் இறங்கினார்கள்.

அஞ்சரைக்குச் சாப்பிட்டவன் வயிற்றில் எட்டு மணிக்கு என்ன இருக்கிறது என்று பார்ப்பது ஆராய்ச்சி. சமணர்கள் வயிற்றைக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். மண்டியிலிருந்து மூட்டைக்காரர்களைப் பிடித்து வந்தார்கள். சமைக்க ஆள் வேண்டும் என்றபோது மீனம்பாள் தானே போய் நின்றாள். உண்மை தன் கைச்சோற்றிலிருந்தே வெளியே வரப்போகிறது என்று அவளுக்கு நம்பிக்கை. பானை பானையாக வடித்துக் கொட்டினாள். விடிந்ததிலிருந்து மூட்டை சுமந்தவர்கள், சர்க்கார் ஒருநாளாவது சோறு போடுகிறதே என்று தின்றார்கள்.

எட்டு மணிக்கு அவர்கள் தொண்டையில் குழாயை விட்டார்கள். ஓங்கரித்ததில் ஒருவனுக்கு மூக்கால் ரத்தம் வந்தது, ஒருவன் சுவர் ஏறிக் குதித்து ஓடினான். மிச்சமிருந்தவர்கள் வயிற்றில் குழாய்க்கு ஒன்றும் அகப்படவில்லை. அதோடு அவர்கள் மறுபடியும் சோறு கேட்டார்கள்.

மீனம்பாள் கரண்டியும் கையுமாக டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூலிக்காரன் வயிறு கல்லைப் போட்டாலும் கரைத்துவிடும், அது மனித வயிற்றுக்கு உதாரணமாகாது என்று அத்தனை முடிவுகளையும் தள்ளினார். பிறகு ஸ்டேஷனிலிருந்து ஒரு கான்ஸ்டபிளை வரவழைத்தார். அவருக்கு அஞ்சரை மணிக்கு மூக்குமுட்டச் சோறு போட்டு, தின்ற இடத்திலேயே படுக்கவைத்தார்கள். எட்டு மணிக்குக் குழாய் விட்டபோது சோறு அப்படியே இருந்தது. கான்ஸ்டபிள் குழாயோடு தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு பெரிய கண்டுபிடிப்பின் முன்னால் நிற்கிறோம் என்று டாக்டர் உதவியாளர்களிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

கோர்ட்டில் ராஜமதி அம்மாள் கூண்டேறி, முற்றத்து வெயிலைச் சொன்னாள். வெங்கடரமணனின் நினைவு ரத்தாயிற்று. மல்லிநாத நைனார் அஞ்சரை மணிக்குத் தன் வீட்டில் உணவருந்தினார் என்று ஜட்ஜ் ஏற்றுக்கொண்டார். அதைச் சர்க்கார் வக்கீலும் ஏற்றுக்கொண்டார். மீனம்பாள் கோர்ட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு தங்கராசுவைப் பார்த்தாள். பிடிபட்ட நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

அப்புறம் டாக்டர் கூண்டேறினார். அஞ்சரை மணியைத் தானும் ஏற்றுக்கொள்வதாகவும், விஞ்ஞானத்துக்குப் பிடிவாதம் கிடையாது என்றும் ஆரம்பித்தார். சோறு எப்போது உள்ளே போகிறது என்பது மனிதனின் இஷ்டம். அது எப்போது செரிக்கத் தொடங்குகிறது என்பது வயிற்றின் இஷ்டம். எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் பழகிய ஒரு ராஜ்யத்தில், தலைமுறை தலைமுறையாக, வயிறு எட்டு மணிக்குத்தான் வேலையைத் தொடங்கும். முன்னதாக உள்ளே விழும் சோறு தன் முறை வரும்வரை அங்கே கிடக்கும். இதற்கு ‘செஞ்சித் திருத்தம்’ என்று பெயரிட்டிருப்பதாகச் சொன்னார்.

தங்கராசுவுக்காக சர்க்கார் அமர்த்திய வக்கீல் சின்னப் பையன். எழுந்து, எட்டு மணிவரை வயிறு என்ன செய்கிறது என்று கேட்டார்.

“காத்திருக்கிறது” என்றார் டாக்டர்.

வக்கீல் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஆகவே பாதி செரித்த சோறு என்றால் பத்து மணிதான். ஏழரை மணிக்கு எதிரி எங்கே இருந்தான் என்பதற்கு இன்ஸ்பெக்டரே உண்மையாகச் சாட்சி சொன்னதை ஜட்ஜ் பாராட்டினார். நைனாரின் ஒழுக்கத்தை இரண்டு பக்கத்துக்குப் புகழ்ந்து எழுதினார். கடைசிப் பக்கத்தில் தங்கராசுவுக்குத் தூக்கு எழுதினார்.

வெளியே ராஜமதி அம்மாள் மீனம்பாளைத் தேடிவந்து நின்றாள்.

“நான் உண்மையத்தான் சொன்னேன் மீனம்பா.”

“ஆமாங்கம்மா. எல்லாரும்தான் ஒத்துக்கிட்டாங்களே” என்றாள் மீனம்பாள்.

அப்பீல் போன இடத்திலும் செஞ்சித் திருத்தம் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. கருணை மனுவும் போயிற்று. அது மேலே இருந்த நாட்களில் டாக்டர் ஓய்வு பெற்றார். அவர் வாழ்நாள் சாதனை விளைந்த இடம் என்பதால் பாராட்டு விழாவைச் செஞ்சியில் வைத்தார்கள். மூட்டைக்காரர்கள் பந்தல் போட்டார்கள். அகழிக் கரையில் டாக்டர் பெயரைச் செதுக்கிய கல் ஒன்று நாட்டப்பட்டது. அதைத் தூக்கிப் போனவர்களும் அவர்கள்தான்.

தலைமை தாங்கிய மேலதிகாரி, டாக்டரால் இலாகாவுக்கு ஏற்பட்ட நன்மையை எடுத்துச் சொன்னார். முன்னெல்லாம் ஒரு கொலை நடந்தால் ஊருக்குப் போக வேண்டும், அலைய வேண்டும், நாலு பேரை விசாரிக்க வேண்டும், அவர்கள் நாலு விதமாகச் சொல்வார்கள். இப்போது அந்தக் குழப்பம் இல்லை. இனி ஊரே இல்லாவிட்டாலும் வழக்கை நடத்த முடியும் என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

டாக்டர் பதிலுரையில் தழுதழுத்தார். “என் அறிக்கையால் ஒரு நிரபராதிகூடத் தண்டிக்கப்பட்டதில்லை. ஏனென்றால் என் அறிக்கைக்குப் பிறகு யாருமே நிரபராதியாக இருந்ததில்லை” என்றார்.

விருந்தை, மரியாதை கருதி, மணி எட்டு அடிக்கும்வரை பரிமாறவில்லை. அழைக்கப்பட்டிருந்த நைனார்கள் வெயில் இருக்கும்போதே எழுந்து போய்விட்டார்கள். அட்டவணையையும் திருத்தத்தையும் சாவு நடக்கும் எல்லா சர்க்கார் இடங்களும், ஜெயில் உட்பட, இனி எழுத்துப் பிசகாமல் அனுசரிக்க வேண்டும் என்ற உத்தரவை விழா மேடையிலேயே படித்தார்கள்.

மனு தள்ளுபடியான பிறகு மீனம்பாள் ஜெயிலுக்குப் போய்த் தங்கராசுவைப் பார்த்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் சதை போட்டிருந்தான். மூட்டை சுமக்காத உடம்பு.

“இங்க அஞ்சு மணிக்கெல்லாம் சோறு போட்டுப் பூட்டிடறாங்க. இத்தினி பேரும் பொழுதோட தின்றோம். நானும் நைனாரு ஆயிட்டேன்” என்றான்.

“சர்க்காரே பொழுதோட சோறு போடுது. அப்புறம் எட்டு மணி, எட்டு மணின்றாங்களே, எப்டிய்யா?”

“அதான் எனக்கும் புரியல.”

உள்ளங்கையை விரித்துக் காட்டினான். பிளவெல்லாம் மூடி, தோல் மெத்தென்று இருந்தது. அவள் கம்பிக்குள் விரலை விட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

தூக்குப் போடும் நாளை அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். முதல்நாளே வந்து ஜெயில் வாசலில் காத்திருந்தாள். பிணத்தை ஊருக்குக் கொண்டுபோக மூட்டைக்காரர்கள் லாரி பிடித்து வந்திருந்தார்கள். விடியுமுன் அஞ்சு மணிக்கு உள்ளே வேலை முடிந்தது. ஒரு வார்டர் வெளியே வந்து, முடிஞ்சுடுச்சு, அரை மணியில் உடம்பைக் கொடுத்துவிடுவார்கள் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கிழக்கே வெளுத்தது. அரை மணி ஆயிற்று, ஒரு மணி நேரம் ஆயிற்று. கதவு திறக்கவில்லை.

உள்ளே ஒரு சிக்கல். வழக்கமாகத் தூக்குக்குப் போகிறவர்கள் கடைசிக் காலையில் கொடுக்கிற கஞ்சியைத் தொடமாட்டார்கள். தங்கராசு கூலிக்காரன். விடியுமுன் சாப்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பியே பழகியவன். கொடுத்த கஞ்சியை ஒரு பருக்கை விடாமல் குடித்து, சட்டியை வழித்து, கை கழுவிக்கொண்டு எழுந்து போயிருந்தான். புது உத்தரவுப்படி ஜெயில் டாக்டர் வயிற்றைத் திறந்தபோது கஞ்சி செரிக்காமல் முழுசாக இருந்தது.

செரிக்காத சோறு என்றால் எட்டு மணி. காலை எட்டா, இரவு எட்டா என்று அந்த வரியில் இல்லை. முந்தின நாள் இரவு எட்டு என்று போட்டால், செத்துப்போன ஒருவனைக் காலையில் தூக்கில் போட்ட குற்றம் ஜெயிலின் மேல் வரும். அஞ்சு மணி என்று போட்டால் உத்தரவை மீறியதாகும், செஞ்சித் திருத்தம் பொய் என்றாகும். ஜெயில் டாக்டர் குடும்பஸ்தர். காலை எட்டு மணி என்று எழுதி, எட்டு ஆவதற்காக நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வார்டர் மறுபடி வெளியே வந்து இதை மீனம்பாளுக்கு விளக்கினார். கேட்பவளுக்குப் புரியாது என்று இரண்டு தடவை சொன்னார். எட்டு மணிவரை ஆள் உயிரோடு இருப்பதாகக் கணக்கு, உயிரோடு இருக்கும் கைதியை வெளியே கொடுக்கச் சட்டம் இல்லை, எட்டடித்ததும் கொடுத்துவிடுவோம் என்றார்.

லாரிக்காரன் முனகினான். மீனம்பாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவளுக்கு இந்தத் தடவை விஷயம் நன்றாகவே புரிந்திருந்தது. வார்டருக்குக் கிட்டே போய் நின்று, மெதுவாகக் கேட்டாள்.

“அப்ப இன்னும் உயிரோட இருக்கறாருன்னா, ஒரு தடவ பாத்துப் பேசிட்டு வந்துடட்டுங்களா?”

வார்டரும் கெட்டவர் இல்லை. திரும்பி, வாசலில் எழுதித் தொங்கவிட்டிருந்த பலகையைப் பார்த்தார்.

“கைதியப் பாக்கறது பத்து மணிக்கு மேலதான்மா” என்றார்.